மூன்றாவது மிதவை

அல்மாத்தி நகரத்தில் எந்தத் தெருவில் குழாய் வறண்டாலும் முதல் வசவு அமன்கெல்தியின் காதில்தான் விழும். குடிநீர் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிற வேலை அவருக்கு. "நாள் பூரா தண்ணி வரலைன்னு திட்டு வாங்கறேன். சாயங்காலம் ஆனா தண்ணியிலயே போய் விழறேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இருபது வயதில் பட்டறையில் சிலிண்டர் வெடித்துப் பார்வை போனது. அதற்குப் பிறகு கல்யாணம் செய்தார், இரண்டு பெண்களைப் பெற்றார், நாற்பதை நெருங்கும்போது ஒரு நாள் மனைவி நகிமாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேட்டை நீச்சல் குளத்துக்கு வந்து நின்றார்.

அங்கே பயிற்சியாளராக இருந்தவள் தோர்கின். "எனக்கு நீந்தத் தெரியும். நேரா நீந்தத்தான் தெரியல. சுவத்துல போய் முட்டிக்கறேன்" என்றார் அவளிடம். முதல் நாளே அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. சொந்த அண்ணன் இல்லாத குறை அப்போதுதான் தீர்ந்தது என்று அவள் அம்மாவிடம் போய்ச் சொன்னாள்.

குளத்தில் நீந்தி நீந்தி அவருக்குச் சலித்துப்போனது. சுவர் இல்லாத தண்ணீர் வேண்டும் என்றார். கோடையில் கப்சகாய் நீர்த்தேக்கத்துக்குப் போனார்கள். அவர் இடுப்பிலிருந்து அவள் இடுப்புக்கு ஒரு ரப்பர் கயிறு. வலப்பக்கம் திரும்ப ஒரு முறை சுண்டினால் போதும், இடப்பக்கம் திரும்ப இரண்டு முறை. மிதவை வந்துவிட்டால் தோளில் தட்டுவாள். அவர் கையை நீட்டி மிதவையைத் தொட்டு, "சலாம்" என்று அதற்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுத்தான் சுற்றுவார். தொடாமல் சுற்றினால் சுற்றிய மாதிரியே இல்லை என்பார்.

தோர்கினைப் பற்றி ஒரு விஷயம் யாருக்கும் தெரியாது. சிறு வயதில் குளத்துப் பந்தயங்களில் பதக்கம் பதக்கமாக வாங்கியவள் அவள். ஆனால் தெளிந்த தண்ணீரில் அடியில்லாத ஆழம் கண்ணில் பட்டால் அவளுக்குக் குலை நடுங்கும். கப்சகாயில் தண்ணீர் கலங்கல். கீழே எதுவும் தெரியாது, அதனால் சமாளித்தாள். பயிற்சியாளர் என்று பேர் வைத்துக்கொண்டு இதை எப்படி வெளியே சொல்வது என்று மனசுக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தாள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் இசிக்-குல் ஏரியில் பந்தயம் என்று அறிவிப்பு வந்தபோது அமன்கெல்தி குதித்தார். பார்வையற்றோர் பிரிவில் முதலாவதாக வரும் ஜோடியை இலையுதிர் காலத்தில் துருக்கிக்கு அனுப்புவார்களாம். இரண்டு கண்டங்களுக்கு நடுவே ஓடும் நீரிணையில் அங்கே ஒரு பெரிய பந்தயம்.

"வெளிநாடு வெளிநாடுன்னு ஒரு வாரமா தூங்கல உங்க அண்ணன்" என்றாள் நகிமா. "கோர்தாய் செக்போஸ்ட் தாண்டினா வெளிநாடாம். அங்கயும் இதே ரொட்டி, இதே டீ."

"அண்ணி, பாஸ்போர்ட்டுல முத்திரை குத்தறாங்கல்ல, அப்ப வெளிநாடுதானே" என்றாள் தோர்கின்.

"குத்தட்டும். எங்க குத்தியிருக்குன்னு அவர் தடவிப் பாத்துக்கட்டும்."

சோல்பன்-ஆதா கரையில் பந்தயத்தன்று காலை ஏரியில் அசைவே இல்லை. எதிர்க்கரைப் பனிமலைகள் தண்ணீருக்குள்ளும் தலைகீழாக நின்றன. ஆரஞ்சு நிற மிதவைகள் மூன்று, முக்கோணமாக. பார்வையற்றோர் பிரிவில் நான்கு ஜோடிகள் இறங்கின. அதில் பலிக்சி ஊரைச் சேர்ந்த தெமிர்குல் என்ற வாலிபனும், கயிற்றின் மறுமுனையில் அவனுடைய அக்கா ஜூராவும் இருந்தார்கள். ஜூராவின் மஞ்சள் தொப்பி தூரத்திலிருந்தே கண்ணில் படும்.

முதல் மிதவையை அமன்கெல்தி தொட்டு சலாம் போட்டார். இரண்டாவதற்கும் போட்டார். உப்புக் கரிக்கிற தண்ணீர் வாய்க்குள் போனபோதும் அவர் முகத்தில் சிரிப்புதான். மஞ்சள் தொப்பி அவர்களுக்கு நன்றாகவே முன்னால் போய்க்கொண்டிருந்தது. "எவ்வளவு தூரம் முன்னாடி?" என்று கேட்டார். "பிடிச்சிடலாம்" என்றாள்.

இரண்டாவது மிதவையைத் தாண்டியதும் கிழக்கிலிருந்து காற்று இறங்கியது. சந்தாஷ் என்று அந்தக் கரைக்காரர்கள் பேர் வைத்திருக்கும் காற்று, கேட்டுக்கொண்டு வருவதில்லை. சற்று நேரத்தில் ஏரி முழுவதும் வெள்ளை வெள்ளையாக நுரை. ஓர் அலை தோர்கினின் முகத்தில் அறைந்து வாய் நிறையத் தண்ணீரைத் தள்ளியது. இருமிக்கொண்டே தலையைக் கவிழ்த்தவள் கீழே பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. கலங்கல் இல்லை, மணல் இல்லை, பாசி இல்லை. கருநீலம் போய்க்கொண்டே இருந்தது. அவளுடைய கால்கள் அதற்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தன.

மூச்சு இழுக்க வரவில்லை. கைகள் தண்ணீரைப் பிடிக்காமல் அடித்தன. கயிறு தளர்ந்ததை உணர்ந்து அமன்கெல்தி நின்று மிதந்தார்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. கண்ணாடிக்குள்ள தண்ணி போயிடுச்சு."

"மெதுவா சரி பண்ணிக்க. நான் இருக்கேன்."

அவர் அலையோடு அலையாக ஏறி இறங்கி நிதானமாக மிதந்தார். அவருக்கு ஒன்றும் இல்லை. தோர்கின் தலையைத் தூக்கிப் பார்த்தாள். மூன்றாவது மிதவை வெகு தூரத்தில் ஏரியின் நடுப்பக்கமாக, தெரிவதும் மறைவதுமாக இருந்தது. இடப்பக்கம் கரை. முடிவுக்கோட்டின் துணி வளைவு காற்றில் புடைத்துக்கொண்டு நின்றது. மிதவைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய நடுவர் படகு, கையைத் தூக்கிக் கூப்பிட்ட யாரையோ ஏற்றிக்கொள்ள எங்கேயோ போயிருந்தது.

அந்த நேரத்தில் எதையும் யோசிக்கவே இல்லை என்று பிற்பாடு அவள் தனக்குத் தானே பலமுறை சொல்லிக்கொண்டாள். அது உண்மையில்லை. யோசித்தாள். படகு இல்லை என்று யோசித்தாள். யாரும் பார்க்கவில்லை என்று யோசித்தாள். இவருக்கும் தெரியாது என்று யோசித்தாள்.

கொஞ்ச தூரம் நீந்தினாள். பிறகு அவர் தோளில் தட்டினாள். "மிதவை வந்துடுச்சு அண்ணே. அலை போட்டு மோதுது, தொட வேணாம். தள்ளியே சுத்திடலாம்."

"சரி" என்றார்.

கயிற்றை இரண்டு முறை சுண்டினாள். ஒன்றுமில்லாத தண்ணீரில் அவரை இடப்பக்கமாக வளைத்து வளைத்துத் திருப்பினாள். ஒரு மிதவையைச் சுற்றினால் எப்படி இருக்குமோ அப்படியே. அவர் இல்லாத மிதவையின் பக்கம் தலையைத் திருப்பி, "சலாம்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு நீந்தினார்.

கரையில் கால் ஊன்றியதும் கைதட்டல். அமன்கெல்தி எழுந்து நின்று, "அதுக்குள்ளயா?" என்றார்.

"காத்து பின்னாலிருந்து தள்ளிடுச்சு அண்ணே."

கொஞ்ச நேரம் கழித்து தெமிர்குலும் ஜூராவும் வந்து சேர்ந்தார்கள். ஜூராவின் உதடு நீலம் பாரித்திருந்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு நேராகத் தோர்கினிடம் வந்தாள்.

"நாங்க முன்னாடிதானே போனோம். நீங்க எப்ப எங்களைத் தாண்டினீங்க?"

"அலையில கவனிச்சிருக்க மாட்டீங்க" என்றாள் தோர்கின்.

"அப்படித்தான் இருக்கும்க்கா" என்றான் தெமிர்குல், பல் கிட்டித்துக்கொண்டே. "நானும்தான் பாக்கல." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அமன்கெல்திதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். குரல் வந்த திசையில் கையை நீட்டி, "தம்பி, நல்லா நீந்துறப்பா. அடுத்த தடவை பாப்போம்" என்று அவன் கையைத் தேடிப் பிடித்துக் குலுக்கினார். ஜூரா மட்டும் சிரிக்காமல் ஏரியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரிசு கொடுப்பதற்கு முன்னால் நேரம் இருந்தது. சொல்லியிருக்கலாம். ஒருவர் மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார், இன்னொருவர் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். அவர்கள் கண்முன்னாலேயே தோர்கின் எண்ணெயில் பொரித்த பவுர்சாக் உருண்டைகளைக் கேட்டு வாங்கி ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றுகொண்டிருந்தாள். அமன்கெல்தியின் தோளில் பூவேலை செய்த பட்டு அங்கியைப் போர்த்தினார்கள். கழுத்தில் பதக்கம். அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கழற்றி அவள் கழுத்தில் போட்டார். அவள் உடனே கழற்றி மறுபடி அவருக்கே போட்டுவிட்டாள். அடக்கம் என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

ஊர் திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை நகிமா ஆடு அடித்து விருந்து வைத்தாள். சொந்தக்காரர்கள், அலுவலகத்துக்காரர்கள், மாடிக்குடித்தனக்காரர்கள் என்று வீடு கொள்ளவில்லை. அமன்கெல்தி அங்கியோடு நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவரும் கேட்கக் கேட்க, ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொன்னார்.

"மூணாவது மிதவைதான்யா கஷ்டம். அலை சும்மா மலை மாதிரி. இவ தோள்ல தட்டினா. தொட வேணாம்னா. ஆனா நான் பக்கத்துல உணர்ந்தேன் அதை. தண்ணி அதுல மோதுற சத்தம் இருக்கே, தொப்பு தொப்புன்னு, அது இந்தக் காதுல கேட்டுச்சு."

தோர்கின் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அந்தச் சத்தம் நிஜமாகவே கேட்டிருந்தது. அவள் சொன்ன ஒரு வார்த்தையை வைத்து அவர் மனசு ஒரு மிதவையையே கட்டி அதில் அலையையும் மோதவிட்டிருந்தது.

ஆட்டுத் தலையை அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். விருந்தின் பெரிய மனிதர் அன்று அவர்தான். கத்தியை வாங்கி விரலால் தடவித் தடவி அறுத்தார். காதை மகள்களுக்குக் கொடுத்தார். அப்புறம் கண்ணைத் தோண்டியெடுத்து, "தோர்கின் எங்க? கைய நீட்டு" என்றார். "இது உனக்குத்தான். எனக்கு இது உபயோகமில்ல, உன்கிட்ட இருந்தா நான் பாத்த மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள், இரண்டொரு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தோர்கின் அதை வாயில் போட்டாள். மெல்ல முடியவில்லை. தண்ணீரைக் குடித்து விழுங்கினாள். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் வாந்தி எடுத்தாள். வெளியே வந்தபோது நகிமா கதவருகே நின்றாள்.

"கொழுப்பு ஒத்துக்கலையா?"

"ஆமா அண்ணி."

"மூஞ்சியே சரியில்ல உனக்கு. ஏரியில சளி பிடிச்சிருக்கும். இஞ்சி போட்டு டீ தரேன் இரு."

அந்த டீயையும் அவள் குடித்தாள்.

துருக்கிப் பயணத்துக்கு ஏற்பாடுகள் நடந்தன. அமன்கெல்தி பயிற்சியைக் கூட்டச் சொன்னார். நீரிணையில் நீரோட்டம் பலமாக இருக்கும் என்று அவரே யார் யாரிடமோ விசாரித்து வைத்திருந்தார். ஆனால் பயம் இல்லை. "அந்த அலையிலயே கடைசிச் சுத்து நமக்கு மூச்சு வாங்கலியே, பாத்தியா? நான் நெனச்சதைவிட நமக்குத் தெம்பு ஜாஸ்தி" என்றார் ஒரு மாலை, குளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்தபடி. கயிறு இரண்டு பேருக்கும் நடுவே தண்ணீரில் கிடந்தது.

நீந்தாத தூரத்தை நீந்தியதாக நம்பிக்கொண்டு இந்த மனிதர் கடலில் இறங்கப்போகிறார்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"ஏரியில மூணாவது மிதவையை நாம சுத்தல."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு இன்னும் போகவில்லை. "சுத்தலன்னா?"

"அதுக்கு முன்னாடியே உங்களைக் கரைக்குத் திருப்பிட்டேன்."

"வழி தவறிட்டியா? அலையில தெரியலியா?"

அவரே ஒரு வழி விட்டுக்கொடுத்தார். ஆமாம் என்றால் முடிந்துபோகும். அவளுக்கு அந்த ஆமாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"இல்ல. தெரிஞ்சேதான் திருப்பினேன்."

பக்கத்துத் தடத்தில் யாரோ நீந்தி வந்து சுவரைத் தொட்டுத் திரும்பிப் போனார்கள். அந்த அலை வந்து இவர்கள் மேல் மோதி அடங்கியது.

"தோள்ல தட்டினியே."

"தட்டினேன்."

"ரெண்டு தடவ சுண்டினியே. வளைச்சு இழுத்துட்டுப் போனியே."

"ஆமா."

"அந்தச் சத்தம்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். காதை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, எதையோ மறுபடி கேட்டுப் பார்ப்பது போல இருந்தார். "என்னால முடியலைன்னு நெனச்சியா? நான் முழுகிருவேன்னு பயந்தியா?"

இதுவும் ஒரு வழிதான். இன்னும் வசதியான வழி.

"இல்லண்ணே. நீங்க நல்லாத்தான் இருந்தீங்க. பயம் எனக்கு. கீழ பாத்துட்டேன், அடியே தெரியல. எனக்கு எப்பவுமே அது பயம்."

"பயம்னு சொல்ல வேண்டியதுதானே. கையத் தூக்கியிருந்தா படகு வந்திருக்கும். ரெண்டு பேரும் அதுல உக்காந்துட்டு வந்திருப்போம். அதுல என்ன கெட்டுப்போச்சு?"

"வெக்கமா இருந்துச்சு."

"யார்கிட்ட வெக்கம்? நான்தான் பாக்க மாட்டேனே."

அவர் தண்ணீருக்குள் கையை விட்டு இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. நேரமானது. அவள் உதவக் கை நீட்டினாள், நீட்டிய கையைத் தானே இழுத்துக்கொண்டாள். கயிற்றைச் சுருட்டிக் கரையில் வைத்துவிட்டு, தட்டுத் தடுமாறி ஏணியைக் கண்டுபிடித்து ஏறினார். சுவரைத் தடவிக்கொண்டே உடைமாற்றும் அறைப் பக்கம் தனியாகப் போனார். வழியில் இருந்த பெஞ்சில் முட்டி இடித்தது. தோர்கின் கழுத்து வரைத் தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து நகிமா குளத்துக்கு வந்தாள். தண்ணீர் சொட்டும் காலணிகளோடு தோர்கின் நடைபாதைக்கு ஓடினாள்.

"உன்னைத் திட்டலாம்னுதான் வந்தேன்" என்றாள் நகிமா. "டிராம்ல வரும்போது எல்லாத்தையும் யோசிச்சு வச்சிருந்தேன். இப்ப உன் மூஞ்சியப் பாத்தா ஒண்ணும் வரல. அதுக்கும் கோவமா வருது."

"அண்ணி..."

"பேசாத. அவர் பந்தயக்காரங்களுக்குப் போன் போட்டாரு. அவங்க என்ன சொல்றாங்க தெரியுமா? ஒரு மிதவைதானே ஐயா, விடுங்களேன், பேப்பர்லல்லாம் வந்துடுச்சுன்னு. இவர் விடல. பேரை எடுங்க, அந்தப் பையன் பேரைப் போடுங்கன்னு ஒத்தக்கால்ல நின்னாரு. அதோட போச்சா? விருந்துக்கு வந்தவங்க ஒவ்வொருத்தருக்கா போன் போடறாரு. நான் ஜெயிக்கல, தப்பாச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கங்கன்னு. மாடி வீட்டுக் கிழவி வரைக்கும். காது கேக்காதவகிட்ட மூணு தடவ கத்திச் சொன்னாரு. தெருவே கேட்டுச்சு."

"அவர் ஏன் மன்னிப்புக் கேக்கணும்? நான்ல கேக்கணும்."

"அதையேதான் நானும் கேட்டேன். கதை சொன்னது என் வாய்தானேன்னாரு." நகிமா பையிலிருந்து அங்கியையும் பதக்கத்தையும் எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். "இதை நீயே கொண்டுபோய் அந்தப் பையன்கிட்டக் குடுக்கணுமாம். தபால்ல அனுப்பக் கூடாதாம்."

போகும்போது நகிமா வாசலில் நின்று திரும்பினாள். "அன்னைக்கு டீ போட்டுக் குடுத்தேன் பாரு, இஞ்சியெல்லாம் தட்டி" என்றாள். அதற்கு மேல் சொல்லாமல் போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் தோர்கினுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

பலிக்சி ஏரியின் மேற்கு முனை. நெடுஞ்சாலை ஓரம் முழுக்கக் கயிற்றில் தொங்கும் புகைமீன்கள். தெமிர்குல் வீட்டுக்கு வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது கடையிலேயே ஜூரா தலையில் துணி கட்டிக்கொண்டு நின்றாள். காரிலிருந்து இறங்கிய தோர்கினை மேலும் கீழும் பார்த்தாள்.

"வாங்க. மீன் வேணுமா, மன்னிப்பு வேணுமா? மீன்னா என்கிட்ட இருக்கு."

தோர்கின் அங்கியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்க அண்ணன் போன் பண்ணிட்டாரு. எல்லாம் தெரியும்" என்றாள் ஜூரா. "ஆனா ஒண்ணு கேட்டுக்கங்க. அன்னைலேருந்து நான் என்னையே நம்பல. இவங்க எப்படித் தாண்டிப் போனாங்க, நான் எங்க கோணல் அடிச்சேன்னு. இவனும் என்னைத்தான் திட்டினான், நீ சுத்தி வளைச்சுக் கூட்டிட்டுப் போயிட்ட அக்கான்னு. ரெண்டு பேரும் பேசிக்கவே இல்ல. கண்ணை வச்சிட்டு வழியத் தவற விட்டுட்டேனேன்னு நான் அழுதது எனக்குத்தான் தெரியும்."

அமன்கெல்தியை ஏமாற்றினோம் என்றுதான் இத்தனை நாள் தோர்கின் மறுகிக்கொண்டிருந்தாள். இந்தப் பெண்ணின் பக்கம் அவள் நினைப்பு போகவே இல்லை. "எனக்கு இது தோணவே இல்ல" என்றாள் மெல்ல.

"தோணாது" என்றாள் ஜூரா. "உள்ள வாங்க. வெயில்ல எவ்வளவு நேரம் நிப்பீங்க."

தெமிர்குல் உள்ளே மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். கையைக் கழுவிவிட்டுப் பதக்கத்தை வாங்கி உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தான். "நான் நெனச்சதைவிட லேசா இருக்கே." அங்கியைப் போட்டுப் பார்த்தான். கை நீளமாகத் தொங்கியது. "உங்க அண்ணன் பெரிய உடம்புக்காரர் போல. அன்னைக்குக் கை குடுத்தப்பவே நெனச்சேன்."

தோர்கின் மன்னிப்புக் கேட்டாள். வரும் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் பாதிதான் வந்தது. அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"அந்தப் பயம் எப்படி இருந்துச்சு?" என்றான்.

"கீழ ஒண்ணுமே இல்லாத மாதிரி. விழுந்துட்டே இருப்போம்னு."

"ஓ" என்றான். கொஞ்சம் யோசித்தான். "எனக்கு எப்பவுமே அப்படித்தானே இருக்கு. அக்கா கயிறு இருக்கறதால தெரியல." ஆறுதலுக்காகச் சொன்னதில்லை அது. நினைத்ததைச் சொன்னான், அவ்வளவுதான். மன்னித்துவிட்டேன் என்று கடைசி வரை அவன் சொல்லவும் இல்லை.

டீ குடிக்காமல் ஜூரா விடவில்லை. புறப்படும்போது பெரிய புகைமீன் ஒன்றைத் தாளில் சுற்றிக் காரின் பின்சீட்டில் வைத்தாள். "இது அவருக்கு. உங்களுக்கில்ல" என்றாள்.

இலையுதிர் காலத்தில் அக்காவும் தம்பியும் துருக்கிக்குப் போனார்கள். நீரோட்டம் அவர்களை முடிவுக்கோட்டைத் தாண்டி அடித்துக்கொண்டுபோக, படகு வந்து ஏற்றிக்கொண்டது. கரைக்கு வந்ததும் தெமிர்குல் முதலில் அழைத்தது அமன்கெல்தியைத்தானாம். தோற்றுப்போனதைச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு தினமும் பேச்சு. மிதவை, அலை, காற்று என்று ஒரே அரட்டை. "எனக்கு ஒரு மச்சினன் கெடச்ச மாதிரி ஆயிடுச்சு. சாப்பாடு ஆறுது, போனை வைக்க மாட்டேங்கறாங்க" என்று நகிமா ஒரு நாள் சந்தையில் பார்த்தபோது சொன்னாள். தோர்கின் சந்தோஷப்பட்டாள். அந்தப் பேச்சில் தனக்கு இடமில்லை என்பதும் கூடவே உறைத்தது.

அவள் வேலையை விடவில்லை. நடந்ததைக் குளத்து மேலாளரிடம் தானே சொன்னாள். வழிகாட்டியாகக் கயிறு கட்டுவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். அமன்கெல்திக்கு ஒரு பல் மருத்துவர் துணையாக வந்தார். பயிற்சி நேரத்தில் அவர்கள் வந்தால் தோர்கின் அடுத்த முனைக்குப் போய்விடுவாள். காலடிச் சத்தத்தில் அவருக்கு அவளை அடையாளம் தெரியும். தெரிந்தும் அவர் கூப்பிடவில்லை. வீட்டில் தனியாக இருக்கும்போது சில சமயம் அவள் தோளைத் தானே தட்டிப் பார்த்துக்கொள்வாள். எத்தனை லேசான தட்டல் அது.

அடுத்த கோடையில், ஏரிப் பந்தயத்துக்கு முந்தின நாள் காலை நகிமா போன் செய்தாள். "எங்க கார் கெளம்ப மாட்டேங்குது. டாக்டர் நேத்தே போயிட்டாரு. நீ ஓட்டறியா?"

"அண்ணன் ஒத்துக்கிட்டாரா?"

"எனக்கு என்ன தெரியும். நான் கார் வருதுன்னுதான் சொன்னேன்."

கார் நிஜமாகவே கிளம்பவில்லையா என்று தோர்கின் கேட்கவில்லை. வாசலில் போய் ஹாரன் அடித்தாள். அமன்கெல்தி வந்து முன்கதவைத் திறந்து, கையால் இருக்கையைத் தடவி, கால் நீட்ட வசதியாகப் பின்னால் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். நகிமா பின்னால் பைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஊர் எல்லை தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள், அல்லது தூங்குவதுபோல இருந்தாள்.

கோர்தாய் மேடு வந்தது. வெயில் ஏறியது. அவர் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டிக் காற்றைப் பிடித்துப் பார்த்தார்.

"தோர்கின்."

"அண்ணே."

"எனக்கு இன்னும் கோவம் இருக்கு."

"தெரியும்ண்ணே."

"எப்பப் போகும்னு எனக்கே தெரியல. ஒரு நாள் இல்லாத மாதிரி இருக்கும், மறுநாள் வந்து உக்காந்துக்கும்."

"இருக்கட்டும்ண்ணே. எனக்கும் அப்படித்தான்."

எதிரே ஒரு லாரி ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வளைவில் வந்தது. அவள் கண்ணைத் துடைக்கக் கையை எடுத்ததில் கார் லேசாக அலைந்தது. அவர் முன்னால் இருந்த பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அழறதா இருந்தா ஓரமா நிறுத்திட்டு அழு. இல்லைன்னா ரோட்டைப் பாத்து ஓட்டு."

அவள் ரோட்டைப் பார்த்து ஓட்டினாள்.